இன்னொரு நாயைக் கண்டால் வெறிகொள்ளும் வீட்டு நாய்

வீட்டுக்குள் குழந்தையின் மடியில் தலைவைத்துத் தூங்கும் நாய், தெருமுனையில் வேறொரு நாயைப் பார்த்ததும் அடையாளம் தெரியாமல் மாறிவிடுகிறது. பின்னங்கால்களில் எழும்பி, பெல்ட் அறுந்துவிடுமோ என்று தோன்றும்படி இழுத்து, தொண்டை கம்மும்வரை குரைக்கிறது. பிடித்திருப்பவரின் உள்ளங்கை எரிகிறது. எதிரே வருபவர் ஒதுங்கி நின்று முறைக்கிறார். வீடு திரும்பியதும் நாய்க்கு அடியோ திட்டோ கிடைக்கிறது. மறுநாள் காலை அதே தெருவில் அதே காட்சி. இதை மூர்க்கம் என்றும் அடங்காமை என்றும் படிப்பதிலிருந்துதான் மற்ற எல்லாப் பிழைகளும் தொடங்குகின்றன. இத்தகைய நாய்களில் பெரும்பாலானவை அஞ்சிக்கொண்டிருக்கின்றன. அச்சத்தைத் தணிக்க முதலில் வேண்டியது தூரம். நம் ஊர்த் தெருக்களில் தூரம் தானாகக் கிடைப்பதில்லை; ஆகவே சில காலம் தெருநடையையே விட்டுக்கொடுத்தாவது அதை வளர்ப்பவர் உண்டாக்கித் தர வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

குரைப்பு, உறுமல், பல்லைக் காட்டுதல் இவையெல்லாம் பெரும்பாலான நேரங்களில் எதிராளியைத் தள்ளிப்போகச் சொல்லும் குறிகள். அஞ்சும் விலங்கு முதலில் ஓடத்தான் பார்க்கும். கழுத்தில் கட்டு இருக்கும் நாய்க்கு ஓட வழியில்லை. வளைந்து விலகி, பக்கவாட்டில் வந்து முகர்ந்து பார்க்கும் நாய்களுக்கே உரிய மரியாதையான அறிமுகத்துக்கும் இடமில்லை. நேருக்கு நேராக, இறுகிய கயிற்றோடு, குறுகிய நடைபாதையில் இரண்டு நாய்கள் சந்திக்கின்றன. செக் நாட்டின் பிர்னோ நகரில் நடைக்கு வந்த நாய்களைக் கவனித்து 2011-இல் வெளியான ஆய்வு, கட்டவிழ்ந்த நாய்களைவிடக் கயிற்றில் இருந்த நாய்களிடையே மிரட்டும் நடத்தை அதிகம் என்று கண்டது. நம் நாய் குரைக்கிறது, எதிர்நாய் கடந்துபோகிறது. அது தன் போக்கில்தான் போயிருக்கும். ஆனால் குரைத்ததால்தான் ஆபத்து விலகியது என்று நம் நாய் கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை இன்னும் முன்னதாக, இன்னும் உரக்கத் தொடங்குகிறது. ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தார் ஏறத்தாழ 13,700 நாய்களின் உரிமையாளர்களிடம் திரட்டி 2020-இல் வெளியிட்ட தகவலின்படி, 17 விழுக்காடு நாய்கள் பிற நாய்களைக் கண்டு அஞ்சுகின்றன. தெருநாய் என்பதே அநேகமாக இல்லாத ஒரு நாட்டில் ஆறில் ஒரு நாயின் நிலை இது.

எல்லாக் குரைப்பும் அச்சமல்ல என்று ஒருவர் மறுக்கலாம். அந்த மறுப்பில் உண்மை இருக்கிறது. இளம் லாப்ரடார்கள் சில, எதிர்நாயோடு விளையாட முடியாத ஏமாற்றத்தில் இதே போலக் கத்தும். உடல் எடையைப் பின்னுக்குச் சாய்ப்பது, காதுகளை ஒட்டவைப்பது, உதட்டை நக்குவது, கண்ணின் வெள்ளை தெரியப் பக்கவாட்டில் பார்ப்பது, பாய்ந்துவிட்டுச் சட்டென்று பின்வாங்குவது ஆகியவை அச்சத்தைக் காட்டும். தளர்ந்த உடலும், அகல ஆடும் வாலும், சிணுங்கலும் ஏமாற்றத்தைக் காட்டும். வால் ஆடுவதை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது. விறைத்த வாலும் ஆடும். ஆனாலும் இந்த மறுப்பு வாதத்தைக் கவிழ்த்துவிடாது. இரண்டு வகை நாய்களும் அந்தக் கணத்தில் தம்மைக் கட்டுப்படுத்த முடியாத கொதிப்பில் இருக்கின்றன. இரண்டுக்குமே முதலில் விலக்கித் தூரம் தர வேண்டும், பிறகு அமைதியாகப் பார்க்கப் பழக்க வேண்டும். எது என்று தெரியாதபோது அச்சம் என்று கொள்வதே பாதுகாப்பு. அஞ்சும் நாயை விளையாட வருவதாக நினைத்து இன்னொரு நாயருகே கொண்டுபோனால் நேரும் தீங்கு பெரியது.

இந்த அச்சம் எங்கிருந்து வருகிறது? ஒரு பகுதி பிறப்பிலேயே வருகிறது. அஞ்சும் தாயின் குட்டிகள் அஞ்சுவதற்கு வாய்ப்பு அதிகம். பெரும்பகுதி குட்டிப்பருவத்தில் உருவாகிறது. அமெரிக்காவின் பார் ஹார்பரில் நாய்க்குட்டிகளை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து ஜான் பால் ஸ்காட்டும் ஜான் ஃபுல்லரும் 1965-இல் வெளியிட்ட நூல், ஏறத்தாழ 3 முதல் 12 வாரம் வரையிலான காலத்தைச் சமூகப் பழக்கத்தின் சாளரமாகக் காட்டியது. அதே சூழலில் 1961-இல் வெளியான ஒரு சோதனையில், 14 வாரம் வரை மனிதத் தொடர்பே இல்லாமல் வளர்ந்த குட்டிகள் பிறகு மனிதரை அண்டவே மறுத்தன. நம் ஊரில் இந்தச் சாளரத்துக்கு என்ன நேர்கிறது என்று பார்த்தால் வருத்தமே மிஞ்சுகிறது. 8 வாரத்துக்கு உட்பட்ட குட்டியை விற்கக்கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் சொல்கின்றன. பால் மறக்காத குட்டிகள் இன்றும் கைமாறுகின்றன. தாயிடமும் உடன்பிறந்தவற்றிடமும் கடியின் அளவையும் நாய்மொழியையும் கற்க வேண்டிய வாரங்கள் அட்டைப்பெட்டியில் கழிகின்றன. வாங்கியவரோ, எல்லாத் தடுப்பூசியும் முடியும்வரை வெளியே விடாதீர்கள் என்ற அறிவுரைப்படி நாலு மாதம் வீட்டிலேயே பூட்டிவைக்கிறார். ராஜபாளையம், கோம்பை போன்ற காவல் இனங்களைப் பகல் முழுதும் கட்டிப்போட்டு இரவில் அவிழ்க்கும் வழக்கமும், கேட்டுக்கு வெளியே போகும் ஒவ்வொரு நாயையும் உள்ளிருந்தே குரைத்து விரட்டும் அன்றாடப் பயிற்சியும் சேரும்போது, ஒரு வயதில் முதல்முறை தெருவில் இறங்கும் நாயிடம் வேறு எதை எதிர்பார்க்க முடியும்? ஒருமுறை தெருநாய்க் கூட்டத்திடம் கடிபட்டிருந்தால் கேட்கவே வேண்டாம்.

இவ்வளவு தெளிவான காரணங்கள் இருந்தும், ஆதிக்கம் என்ற விளக்கமே இன்றும் செல்வாக்கோடு இருக்கிறது. நாய் தன்னைத் தலைவனாக நினைக்கிறது, நீங்கள்தான் தலைவர் என்று காட்டுங்கள், மல்லாக்கப் புரட்டி அழுத்துங்கள் என்று சொல்லும் பயிற்சியாளர்கள் எல்லா ஊரிலும் உண்டு. இந்தக் கருத்தின் வேர் ருடால்ஃப் ஷெங்கெல் அடைக்கப்பட்ட ஓநாய்களைக் கவனித்து 1947-இல் எழுதிய ஆய்வில் இருக்கிறது. தம் 1970-ஆம் ஆண்டு நூலால் அதைப் பரப்பியவர்களில் ஒருவரான டேவிட் மீச், காட்டு ஓநாய்களை நெடுங்காலம் கவனித்தபின் 1999-இல் அதைத் திருத்தினார்: இயல்பான ஓநாய்க் கூட்டம் என்பது பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்த குடும்பம், பதவிக்குச் சண்டையிடும் படையல்ல. ஓநாய்க்கே பொருந்தாத ஒன்றை, பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதரோடு வாழ்ந்த நாயின் மேல் ஏற்றி, அதுவும் தெருவில் இன்னொரு நாயைப் பார்த்து நடுங்கும் நாயின் மேல் ஏற்றி நியாயம் தேடுவது அறிவுக்கு ஒவ்வாது. அதன் விளைவும் அளக்கப்பட்டிருக்கிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், அடித்தோ உதைத்தோ அடக்க முயன்றபோது 43 விழுக்காடு நாய்களும், மல்லாக்கப் புரட்டி அழுத்தியபோது 31 விழுக்காடு நாய்களும் உரிமையாளரிடமே சீற்றம் காட்டியதாகத் தெரிந்தது.

ஆனால் பக்கத்து வீட்டு நாய் முள்பட்டை போட்டதும் அடங்கிவிட்டதே என்பார்கள். அடங்கியது உண்மையாகவே இருக்கலாம், குரைப்பு நின்றிருக்கும். எதிர்நாய் தெரியும் ஒவ்வொரு முறையும் கழுத்தில் வலி வந்தால், வலிக்குக் காரணம் எதிர்நாய் என்றே நாய் முடிவு செய்யக்கூடும். அப்போது அச்சம் ஆழமாகிறது, எச்சரிக்கை மட்டும் மறைகிறது. உறுமினால் அடி விழும் என்று கற்ற நாய் உறுமாமலே கடிக்கும். காய்ச்சலில் வெப்பமானியை உடைத்துவிட்டுக் காய்ச்சல் போய்விட்டது என்று சொல்வதற்கு இது ஒப்பு. போர்ச்சுகலில் 92 வளர்ப்பு நாய்களைக் கொண்டு நடந்து 2020-இல் வெளியான ஆய்வில், தண்டனை மிகுந்த பயிற்சிப் பள்ளிகளின் நாய்கள் பயிற்சியின்போது அதிக மனஅழுத்த அறிகுறிகளைக் காட்டின. பயிற்சிக்குப் பின் அவற்றின் உமிழ்நீரில் மனஅழுத்த ஹார்மோனான கார்டிசோல் கூடியிருந்தது. அதே ஆண்டு இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகம், மின்அதிர்ச்சிப் பட்டைகள் பரிசுவழிப் பயிற்சியைவிடக் கூடுதலாக எதையும் சாதிக்கவில்லை என்று காட்டியது. வேல்ஸ் நாடு 2010-லேயே அவற்றைத் தடைசெய்துவிட்டது. சாதாரணக் கழுத்துப்பட்டையே இழுபடும்போது கண்ணுக்குள் அழுத்தத்தைக் கூட்டுகிறது. ஹார்னெஸ் அப்படிக் கூட்டுவதில்லை என்று 2006-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று சொல்கிறது. நாள்தோறும் இழுத்துப் பாயும் நாய்க்கு மார்பைச் சுற்றி வரும் ஹார்னெஸ் வாங்குவதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

அடக்குவது வழியல்ல என்றால் வழி எது? 1924-இல் உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ், முயலைக் கண்டு அலறிய ஒரு சிறுவனுக்கு அவன் விரும்பும் உணவைக் கொடுத்துக்கொண்டே, முயல் கூண்டை அறையின் மறுகோடியிலிருந்து சிறுகச் சிறுக அருகே கொண்டுவந்து அச்சத்தைப் போக்கினார். பின்னர் ஜோசஃப் வோல்பே, மின்அதிர்ச்சியால் அஞ்சவைக்கப்பட்ட பூனைகளுக்கு, அந்தச் சோதனை அறையைச் சற்றே ஒத்திருக்கும் இடத்தில் தொடங்கி, அறையை நெருங்க நெருங்க உணவூட்டி மீட்டார். 1958-இல் வெளிவந்த அவருடைய நூல் மனிதரின் அச்சநோய் மருத்துவத்துக்கே அடிப்படையாயிற்று. நாய்க்குச் சொல்லப்படும் வழியும் இதுவே. எதிர்நாய் கண்ணில் படுகிறது, ஆனால் நம் நாய் இன்னும் சாப்பிடவும் நம்மைத் திரும்பிப் பார்க்கவும் முடிகிற தூரம். அந்தத் தூரத்தில், எதிர்நாய் தெரிந்தவுடன் வேகவைத்த கோழியோ ஈரலோ வாய்க்கு வருகிறது, எதிர்நாய் மறைந்ததும் அதுவும் நின்றுவிடுகிறது. நூறு முறை இப்படி நடந்தபின் இன்னொரு நாய் என்பது கோழி வரப்போவதற்கான அறிகுறியாகிவிடுகிறது. குரைப்பவனுக்குத் தின்பண்டமா, அது குரைப்பைத்தானே வளர்க்கும் என்ற மறுப்பு இங்கே எழும். நாய் தானாகத் தேர்ந்து செய்யும் செயலைப் பரிசு வளர்க்கும். அச்சம் தேர்ந்து செய்யும் செயலல்ல. அஞ்சும் சிறுவனுக்கு உணவு கொடுத்ததால் அவன் முன்னிலும் அதிகமாக அஞ்சவில்லை. தவிரவும், சரியான தூரத்தில் நின்றால் நாய் குரைக்கவே குரைக்காது. அது குரைத்துவிட்டது என்றால் நாம் மிக அருகே வந்துவிட்டோம் என்று பொருள். திரும்பி நடக்க வேண்டியதுதான்.

எல்லா நாய்களோடும் பழகவிட்டால் தானாகச் சரியாகிவிடும் என்ற கருத்து இதற்கு நேர் எதிரானது. நல்லெண்ணத்தோடு செய்யப்படுவதால் அதிகம் தீங்கு செய்வதும் இதுதான். நாய்ப் பூங்காவிலோ, பத்துப் பதினைந்து நாய்கள் ஓடும் பராமரிப்பு விடுதியிலோ அஞ்சும் நாயை விட்டால், அது மூலையில் சுருண்டு அசையாமல் இருப்பதைப் பழகிவிட்டது என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது செயலற்றுப்போன நிலை. நண்பர் வீட்டு அமைதியான ஒரே நாயோடு, நல்ல இடைவெளி விட்டு, இருவரும் ஒரே திசையில் பக்கவாட்டில் நடப்பது எவ்வளவோ பயன் தரும்.

இனி, எல்லா மறுப்புகளிலும் வலுவானது. இந்த முறைகளெல்லாம் அகன்ற நடைபாதையும், எல்லா நாயும் கயிற்றில் வரும் ஒழுங்கும் உள்ள ஊர்களுக்கு உருவானவை. எதிர்நாயின் தூரத்தை நாம் முடிவு செய்யலாம் என்ற நம்பிக்கையில் நிற்பவை. நம் தெருவில் எதிர்நாய் கட்டில் இல்லை. அது தன் எல்லைக்குள் நுழைந்த அந்நியனை விசாரிக்க நம்மை நோக்கி வரும், தன் கூட்டத்தோடு வரும். இதை மழுப்பக்கூடாது. வெளிநாட்டுப் பயிற்சி நூல்களை அப்படியே பெயர்த்துச் சொல்லும் அறிவுரைகள் பயனற்றுப்போவது இந்த இடத்தில்தான். ஆனால் நம் தெருவுக்கென்று ஒரு சாதகமும் இருக்கிறது: தெருநாய்களுக்கு இடம் நிலையானது. விலங்கு பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள், 2001-இன் பழைய விதிகளும் சரி 2023-இன் புதிய விதிகளும் சரி, கருத்தடை செய்த நாயைப் பிடித்த இடத்திலேயே விடச் சொல்வதால், டீக்கடைக்கு எதிரே படுத்திருக்கும் செவலை நாய் பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் அங்கேதான் இருக்கும். கொல்கத்தா ஐசர் நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு தெருநாய்களை ஆராய்ந்து 2014-இல் வெளியிட்ட கட்டுரை, அவை நாளின் பெரும்பகுதியைச் சோம்பிக் கழிக்கும், பொதுவாக இணக்கமான விலங்குகள் என்றே விவரிக்கிறது. ஆகவே வளர்ப்பவர் ஒருவாரம் நாயின்றித் தனியாக நடந்து பார்த்தால், எந்த மூலையில் எத்தனை நாய், எது எல்லை காக்கும், எது படுத்தபடி பார்க்கும், எத்தனை மணிக்கு யார் சோறு போடுகிறார்கள் என்ற முழு வரைபடமும் கிடைத்துவிடும். எதிர்பாராமல் முளைக்கும் நாய்தான் பயிற்சியைக் கெடுக்கிறது. எங்கே படுத்திருக்கும் என்று தெரிந்த நாய் பயிற்சிக்கே உதவும். சோறு போடுகிறவரோடு பேசி, போடும் இடத்தைத் தெருமுனையிலிருந்து சற்றுத் தள்ளிவைக்கச் சொல்லலாம். பகையாகப் பார்க்கப்படும் அவர்தான் அந்தத் தெருநாய்களை நன்கு அறிந்தவர். அவரைத் துணையாக்கிக்கொள்வது அறிவுடைமை.

அந்த வரைபடத்தில் பாதுகாப்பான வழி எதுவுமே இல்லையென்றால் தெருநடையை நிறுத்திவிடுங்கள் என்பதே என் முடிவு. நாய் என்றால் தினமும் வெளியே போயே ஆக வேண்டும் என்று பலர் உறுதியாக நம்புகிறார்கள். இயக்கம் வேண்டும் என்பது சரி. ஹெல்சிங்கிக் குழுவின் இன்னோர் ஆய்வு குறைந்த இயக்கத்துக்கும் பிற நாய்களிடம் கொள்ளும் அச்சத்துக்கும் தொடர்பைக் கண்டிருக்கிறது. ஆனால் ஒவ்வொரு நாளும் இரண்டுமுறை பீதியடைந்து திரும்புவது இயக்கம் ஆகாது. அது அச்சத்தை ஒத்திகை பார்ப்பது. நம் வீடுகளின் மொட்டைமாடி இதற்கு அருமையான மாற்று. கைப்பிடிச்சுவர் உயரமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, வெயில் தாழ்ந்து தரை குளிர்ந்தபின் தீனியை ஆங்காங்கே ஒளித்துவைத்து மூக்கால் தேடவிட்டால் அரைமணியில் நாய் களைத்து நிறைவடையும். சுவரிடுக்கின் வழியே கீழே போகும் தெருநாயைப் பார்ப்பதும், பார்த்த கணத்தில் கோழித்துண்டு கிடைப்பதும் சோதனைச்சாலைக்கு ஈடான பாடம்; தூரம் மாறாது, எதிர்நாய் ஏறிவரவும் முடியாது. கார் இருப்பவர்கள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஓரிடத்தில் நிறுத்தி இதையே செய்யலாம். அடுக்குமாடியில் மலஜலம் கழிக்க இறக்கியே ஆக வேண்டியவர்களுக்கு லிஃப்ட்தான் பெரிய இடர். கதவு திறந்தால் ஒரு முழத்தில் இன்னொரு நாய் நிற்கும். குடியிருப்பில் நாய் வளர்ப்போர் நாலைந்து பேர் நேரத்தைப் பகிர்ந்துகொண்டாலே இது தீர்ந்துவிடும்.

என்ன செய்தாலும் ஒருநாள் தெருநாய் ஒன்று நேரே வந்துவிடும். அதற்கான பயிற்சி வீட்டுக்குள்ளேயே நடந்திருக்க வேண்டும்: ஒரு சொல் சொன்னதும் நாய் நம்மோடு சட்டென்று திரும்பி எதிர்த்திசையில் நடக்க வேண்டும், அதை எந்த நாயும் இல்லாத கூடத்தில் விளையாட்டாகப் பலமுறை பழக்கியிருக்க வேண்டும். வரும் நாயின் முன்னே ஒரு கைப்பிடி பிஸ்கட்டை வீசினால் அது நின்று தின்னும். அந்த இடைவெளி விலகப் போதும். கல்லெடுக்கக் குனிவதும் கத்துவதும் எதிர்நாயை விரட்டக்கூடும், ஆனால் ஆபத்து மெய்தான் என்று நம் நாய்க்கு உறுதிசெய்துவிடும். நாய்கள் பிணைந்துகொண்டால் நடுவில் கைவிடக்கூடாது. கொதிப்பில் இருக்கும் நாய் அருகில் இருப்பதைக் கடிக்கும், அது சொந்தக்காரரின் கையாகவும் இருக்கும். கடிபட்டால் ஓடும் நீரில் சோப்பு போட்டுக் கால்மணி நேரம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்; தெருநாயிடம் கடிபட்ட வளர்ப்பு நாய்க்கும் தடுப்பூசி முன்பே போட்டிருந்தாலும் மீண்டும் தேவைப்படும். வாய்க்கூடு போடுவது அவமானம் என்று நினைப்பவர்கள் உண்டு. வாயை இறுக்கிக் கட்டும் துணிப்பட்டை நம் வெயிலுக்கு ஆபத்து, நாய் இளைத்துத்தான் உடல் சூட்டைத் தணிக்கிறது. வாயைத் திறந்து மூச்சுவிடவும் தண்ணீர் குடிக்கவும் இடம்தரும் கூடைவகை வாய்க்கூட்டை உள்ளே தீனி வைத்து மெல்லப் பழக்கினால், நாய்க்கும் நமக்கும் எதிரே வருபவருக்கும் அது நிம்மதி.

பயிற்சியைப் பற்றி இவ்வளவு சொன்னபின், அதற்கு முன்பே செய்ய வேண்டியதைச் சொல்ல வேண்டும். நடத்தைச் சிக்கலோடு சிறப்பு மருத்துவர்களிடம் வரும் நாய்களில் குறைந்தது மூன்றில் ஒன்றுக்கு எங்கோ வலி இருக்கிறது என்று டேனியல் மில்ஸ் உள்ளிட்டோர் 2020-இல் மதிப்பிட்டனர். இடுப்பு மூட்டுத் தேய்வு, காதுப் புண், பல்வலி இவற்றில் ஏதேனும் ஒன்று போதும், இன்னொரு நாய் மேலே விழுந்துவிடுமோ என்ற அச்சத்தை உண்டாக்க. நன்றாக இருந்த நாய் திடீரென்று மாறியதென்றால் பயிற்சியாளருக்கு முன் மருத்துவரிடம் போவதே முறை. அச்சம் மிகுந்து வீட்டுக்குள்ளேயே நடுங்கும் நாய்களுக்கு ஃப்ளூவாக்செட்டின் போன்ற மருந்துகள் உண்டு. தனிமைப் பதற்றத்துக்காக அமெரிக்க மருந்து ஆணையம் 2007-இல் அதை நாய்களுக்கு ஏற்றது. மற்ற அச்சங்களுக்கும் மருத்துவர்கள் தருகிறார்கள். பலன் தெரிய நாலைந்து வாரமாகும். மயக்கிப்போடுவதா என்று கேட்பவர்களுக்குப் பதில்: சரியான அளவில் கொடுத்தால் அது நாயைத் தூங்கவைப்பதில்லை, கற்கும் நிலைக்குக் கொண்டுவருகிறது. மனிதருக்கான மாத்திரையைத் தாமே பிட்டுக் கொடுப்பது மட்டும் கூடவே கூடாது.

எவ்வளவு செய்தாலும் சில நாய்கள் எல்லா நாயோடும் பழகும் நாய்களாக மாறமாட்டா. எதிர்நாயைப் பார்த்துவிட்டு நம் முகத்தைத் திரும்பிப் பார்த்தாலே போதும், அது பெரிய மீட்சி. குரைத்தபின் அமைதிக்குத் திரும்பும் நேரம் குறைந்தாலும் அது முன்னேற்றம்தான். மாதக்கணக்கில் பொறுமை கேட்கும் இந்த வேலையில் பாதியையாவது மிச்சப்படுத்தக்கூடிய இடம் ஒன்று உண்டு. குட்டி முதல் தடுப்பூசிக்கு வரும் அந்த 10 நிமிடம். பார்வோ நோய் பரவலாக இருக்கும் நம் ஊரில் குட்டியைத் தரையில் விடாதீர்கள் என்று மருத்துவர் எச்சரிப்பது நியாயமே; அதோடு சேர்த்து, கையில் தூக்கிக்கொண்டோ கூடையில் வைத்தோ தெருவைக் காட்டுங்கள், தடுப்பூசி போட்ட நல்ல நாய் ஒன்றோடு வீட்டுக்குள் பழகவிடுங்கள் என்றும் அவர் சொல்ல வேண்டும். முதல் தடுப்பூசி போட்டு ஒரு வாரத்திலேயே கட்டுப்பாடான சூழலில் பழக்கத் தொடங்கலாம் என்று அமெரிக்கக் கால்நடை நடத்தையியல் சங்கம் 2008-லேயே அறிவித்துவிட்டது. 1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கும் மாநிலத்தில், தடுப்பூசி அட்டையின் பின்பக்கத்தில் இந்த நாலு வரியைத் தமிழில் அச்சிட்டுக் கொடுப்பது பெரிய செலவல்ல. உரிமம் வழங்கும் மாநகராட்சிகளும் அதையே செய்யலாம்.